நெஜமாக்காவின் இரண்டு சுவர்கள்

“நெஜமா?” என்று கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார் பாருங்கள், அதில்தான் தச்சருக்கு வயிறு எரியும். கேட்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. பதில் வருவதற்குள் வலப்பக்கச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தச்சர் பல வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறார். உளி கிழித்த காயமெல்லாம் ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

கேட்கிறவர் பழைய புத்தகக் கடை நடத்தும் அக்கா. விற்பதும் உண்டு, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற கணக்கில் கொடுப்பதும் உண்டு. தெருவே அவரை நெஜமாக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதை யாராவது சொன்னால் அதற்கும் “நெஜமா?” என்று கேட்கக்கூடியவர்.

கடை என்பது ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒற்றை அறை. இடப்பக்கச் சுவர் முழுக்கப் புத்தகத் தட்டு, வலப்பக்கச் சுவர் முழுக்கப் புத்தகத் தட்டு. இரண்டையும் அடித்துக் கொடுத்தவர் தச்சர்தான். மற்ற கடைகளில் கதை, வரலாறு, சமையல், வைத்தியம் என்று பிரித்து அடுக்குவார்கள். நெஜமாக்காவின் கடையில் இரண்டே பிரிவு. இடப்பக்கம் நடந்தது. வலப்பக்கம் நடக்காதது. அட்டையில் நாவல் என்று போட்டிருக்கிறதா, வரலாறு என்று போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே செல்லாது. “அட்டை போடறவன் உள்ள படிச்சுட்டா போடறான்?” என்பார்.

அதனால் வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகங்கள் ஒன்று விடாமல் வலப்பக்கத்தில், பேய்களுக்கும் பேசும் கிளிகளுக்கும் நடுவே நிற்கின்றன. உடம்பு மெலிய வழி சொல்லும் புத்தகம், மனிதன் மீனாக மாறிப்போகும் கதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. “ரெண்டுலயும் உடம்பு ஒரே வாரத்துல மாறுது. அப்ப ரெண்டும் ஒரே சாதி புஸ்தகம்தானே?” மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் முட்டிக்கொள்ளும் நாவலோ இடப்பக்கத்தில், கண்ணுக்கு நேரான தட்டில். “இதைப் போய் எவன் கற்பனை பண்ணுவான்? பக்கத்து வீட்டுச் சன்னல்ல காதை வச்சுக்கிட்டு எழுதியிருக்கான்.”

ஒரு முறை, அந்தக் காலத்துக் கப்பல்காரர் ஒருவர் எழுதிய பயணப் புத்தகம் வந்து சேர்ந்தது. முன்பாதியில் எந்தத் துறைமுகத்தில் எத்தனை ஆள் ஆழம், எங்கே நல்ல தண்ணீர் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனவர், பின்பாதியில் மழை வந்தால் வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடும் மனிதர்களைக் கண்டேன் என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் யோசித்தார். மூன்றாம் நாள் தச்சரைக் கூப்பிட்டார்.

“தம்பி, சின்ன ரம்பம் வச்சிருக்கியா?”

“எதுக்குக்கா?”

“இதை நடுவுல அறுத்துக் குடு.”

தச்சர் அறுத்துக் கொடுத்தார். மரம் என்று நினைத்துக்கொண்டு அறுத்தார். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்க வருகிறவர்கள் முன்பாதிக்கு இடப்பக்கமும் பின்பாதிக்கு வலப்பக்கமும் நடக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சுவரில் வைத்தால் வைத்ததுதான் என்றும் கிடையாது. மனிதன் நிலாவுக்குப் போவதாக ஒருவர் எந்தக் காலத்திலோ எழுதிய பழைய கதையை, “எழுதினப்ப புளுகு, இப்ப நடந்துடுச்சு. மரியாதையா இந்தப் பக்கம் வா” என்று இடப்பக்கம் மாற்றிக்கொண்டார். கிரகங்கள் மொத்தம் ஒன்பது என்று சொல்லும் பாடப் புத்தகம், ஒரு கிரகத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றே வலப்பக்கம் போய்விட்டது. அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகும்போது அக்கா அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். “நீ என்ன பண்ணுவே பாவம். எழுதினவன் நம்பித்தான் எழுதினான்” என்று அதனிடமே சொன்னார்.

இடப்பக்கப் புத்தகம் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். வலப்பக்கத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுத்து மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு படிப்பார். “கற்பனைக்கு எதுக்குக் கண்ணாடி? கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சாத்தான் நல்லா இருக்கும்.” தூசி தட்டுவதிலும் ஓரவஞ்சனை உண்டு. இடப்பக்கத்துக்குப் பழைய சாக்குத் துணி. வலப்பக்கத்துக்கு மெத்தென்ற பருத்தித் துணி. வலப்பக்கச் சுவரின் நடுவில் காலமாகிப்போன அவர் வீட்டுக்காரரின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. எதற்கு அதை அந்தப் பக்கம் மாட்டினீர்கள் என்று தச்சர் ஒருநாள் கேட்டார். “அவரு சொன்னது ஒண்ணுகூட நடந்தது கிடையாது தம்பி. ஆனா கேட்க அவ்வளவு நல்லா இருக்கும்” என்றார் அக்கா. படத்தைத் துடைக்க மட்டும் முந்தானை.

படித்துத் தீர்மானிக்க முடியாததைச் செய்து பார்த்துவிடுவார். தெருவுக்கு ஆபத்து அங்கேதான். துப்பறியும் கதை ஒன்றில் கொலைகாரன் சமையலறைப் புகை போகும் சன்னல் வழியாகத் தப்பித்துவிட்டான். சன்னலின் அளவையும் எழுதியவர் பெருமையாகப் போட்டிருந்தார். அந்த அளவில் தச்சர் ஒரு சட்டம் அடித்துக் கொடுக்க, அக்கா பால்காரரைப் பிடித்தார்.

“கொலைகாரன் ஒல்லின்னு போட்டிருக்கு. நீயும் ஒல்லிதானே. நுழைஞ்சு காட்டு.”

பால்காரரின் தலை போயிற்று. ஒரு தோளும் போயிற்று. இன்னொரு தோள் கதாசிரியருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சட்டத்தை மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றவரை மீட்க, தச்சர் ரம்பத்தோடு வந்தார். “அண்ணே, மரத்தை மட்டும் அறுங்கண்ணே. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்று பால்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அக்கா புத்தகத்தை வலப்பக்கம் சொருகி முடித்திருந்தார்.

கோபத்தை அடக்குவது எப்படி என்ற புத்தகத்தைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்தது தச்சரை. “உன்னை விட்டா இதுக்கு ஆள் கிடையாது” என்றார். தச்சர் மழைக்கு ஒதுங்கினதைவிடக் கொஞ்சம் கூடுதலான காலம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். கோபம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடும் நதியை நினைத்துக்கொள் என்று இருந்தது. நினைத்தபடியே ஆணி அடித்தார். சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது. புத்தகம் பறந்து எதிர்வீட்டு மாடியில் போய் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேரே வலப்பக்கம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தச்சரின் மனக்குறை வேறு.

அவர் இளவட்டமாக ஒரு பெரிய மேஸ்திரியிடம் வேலை பார்த்த காலத்தில், ஒரு வீட்டுக்காக மர பீரோ ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். ஆள் நீட்டிப் படுக்கிற அளவு பெரிசு. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. உள்ளே தட்டு அடிக்க நுழைந்தவருக்குப் புது மரத்து வாசனை, இருட்டு, குளிர்ச்சி, வயிற்றில் சாப்பாடு. ஒரு நிமிஷம் சாய்ந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மேஸ்திரி வெளியே போயிருந்த நேரத்தில் வண்டிக்காரர்கள் வந்து, வேலை முடிந்த பீரோ என்று நினைத்து, கயிறு கட்டி, ஏற்றி, கொண்டுபோய் அந்த வீட்டின் மாடியறையில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்காரரின் மகள் மடித்த துணிகளை அடுக்கலாம் என்று கதவைத் திறந்தாள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, “மேல்தட்டு இன்னும் அடிக்கலீங்க” என்றார்.

அவள் கத்தவில்லை. சிரித்தாள். துணியெல்லாம் கீழே விழ, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பா தடியோடு வந்ததும், அப்புறம் தடியில்லாமல் வந்ததும், கல்யாணம் நடந்ததும் தனிக்கதை. அந்தப் பெண்தான் தச்சரின் மனைவி. அந்த பீரோதான் இன்றைக்கும் அவர் வீட்டில் நிற்கிறது.

இதைக் கடை திறந்த புதிதில் அக்காவிடம் ஆசை ஆசையாகச் சொன்னார்.

“நெஜமா?” என்றார் அக்கா.

“சத்தியமாக்கா.”

“கயிறு கட்டினாங்களே, அப்ப?”

“தூங்கினேன்.”

“மாடிப்படி ஏத்தினாங்களே?”

“தூங்கினேன்கா.”

“வண்டி பள்ளத்துல விழுந்து எழுந்திருக்குமே?”

“கனவுல ஊஞ்சல் ஆடினேன்.”

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அன்றைக்கு அதோடு விட்டவர், இரண்டு நாள் கழித்துத் தச்சரைக் கடைக்குக் கூப்பிட்டார். “கதை நல்லா இருக்கு தம்பி. ஆனா எனக்கு ஒரு சாட்சி கிடைச்சிருக்கு. நீ தூங்கலைன்னு சாட்சி சொல்லுது. யாருன்னு கேட்காதே” என்றார். தச்சர் தட்டு அடித்தபோது மிச்சமான சின்ன மரக்கட்டை ஒன்று மேசைமேல் கிடந்தது. “நீ புஸ்தகம் எழுதலை. அதனால இதுதான் உன் கதை” என்று அதை எடுத்தார். உடம்பு மெலியும் புத்தகத்துக்கும் பேசும் கிளிக்கும் நடுவில் வைத்தார். வலப்பக்கம்.

அந்தக் கட்டை அங்கேயே இருந்தது. தச்சர் எப்போது கடைக்குள் வந்தாலும் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும். தன் கையால் இழைத்துச் செய்த சுவரே தன்னைப் புளுகன் என்று சொல்வதை எந்தத் தொழிலாளியால் தாங்க முடியும்? சாட்சி யார் என்று பலரையும் சந்தேகப்பட்டார். சட்டத்தை அறுத்துப் பால்காரரை மீட்கும்போது கொஞ்சம் மெதுவாக அறுத்ததற்குக் காரணமே அதுதான்.

போதாக்குறைக்கு வீட்டிலும் அந்தக் கதையால் நிம்மதி இல்லை. தச்சரின் மனைவி யாரிடம் பேசினாலும், “பீரோவுக்குள்ள ஒளிஞ்சு வந்தாரு, என்னைப் பார்க்கறதுக்காகவே” என்பாள். மரம் பார்க்க அப்பாவோடு பட்டறைக்குப் போனபோது பச்சைக் குடை பிடித்துக்கொண்டு நின்றாளாம். இவர் வேலையை விட்டுவிட்டு அவளையே வெகுநேரம் பார்த்தாராம். தச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். ஒவ்வொரு தடவையும் திருத்துவார். “ஒளியலை, தூங்கிட்டேன். உன்னைப் பார்க்கலை, உனக்குப் பின்னாடி ஒரு நாற்காலிக் கால் ஆடிக்கிட்டிருந்துச்சு, அதைப் பார்த்தேன்.” அதன்பிறகு சமையலறையில் பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும். ஏன் என்று தச்சருக்குப் புரிந்ததே இல்லை.

அவளும் அக்காவின் கடைக்குப் போய்வருகிறவள்தான். எடுப்பது எப்போதும் ஒரே புத்தகம். உப்பு வியாபாரி ஒருவன், ஒரே ஒரு தடவை பார்த்த பெண்ணுக்காக உப்புப் பெட்டிக்குள் ஒளிந்து அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் பழைய கதை. வலப்பக்கத்துப் புத்தகம். அவள் திருப்பி வைக்கும்போது மட்டும் இடப்பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். “கை தவறிடுச்சுக்கா” என்பாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே எடுத்து மாற்றுவார்.

இப்படி இருக்கும்போதுதான் சமீபத்தில் புதுப் புத்தகம் ஒன்று வந்தது. டாக்டர் ஒருவர் தூக்கத்தைப் பற்றி எழுதியது. வழவழ தாள், வண்ணப் படங்கள். சிலருடைய தூக்கம் எப்படிப்பட்டது என்றால், தூக்கிக்கொண்டு போனாலும், காதருகே தகரத் தட்டை அடித்தாலும் எழமாட்டார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். அக்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே தச்சரைத் தேடி வந்துவிட்டார்.

“தம்பி, இந்தப் புஸ்தகத்தைச் சோதிக்கணும். ஆள் நீதான்.”

“அப்ப என் கதையை நம்பறீங்களா?”

“உன்னை எங்கே நம்பினேன்? டாக்டரைச் சந்தேகப்படறேன்.”

தச்சருக்கு அது போதும். அன்றைக்கென்று வீடு காலியாக இருந்தது. அவர்களுக்குக் கல்யாணம் நடந்த நாள் அது. காலையில் மனைவி, “இன்னைக்காவது ஒரு தடவை சொல்லுங்களேன், என்னைப் பார்க்கத்தானே வந்தீங்க?” என்று கேட்டிருந்தாள். இவர், “தூங்கிட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று சொல்லியிருந்தார். அவள் பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கூடப்பிறந்த அக்கா, அடுத்த தெரு. போகும்போது, “சாயங்காலம் வந்தாலும் வருவேன். வராட்டாலும் வரமாட்டேன்” என்றாள். தச்சர் அதற்கும், “ஏதாவது ஒண்ணு சொல்லு” என்றுதான் சொல்லியிருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தச்சர் தன் வீட்டு மாடியறையில் நின்ற பீரோவைக் காலி செய்து உள்ளே ஏறிப் படுத்தார். வெளியே அக்கா, பால்காரர், பால்காரரின் மச்சான், இன்னும் இரண்டு தடியர்கள். கதவைச் சாத்தினார்கள். தூக்கம் வரவில்லை. ஆயுளில் முதல் முறையாகத் தச்சருக்குத் தூக்கம் வரவில்லை.

“என்னண்ணே, ஆச்சா?” என்றது பால்காரரின் குரல்.

“நீ கேட்டுக்கிட்டே இருந்தா எப்படிடா ஆகும்?”

“டேய் சும்மா இரு” என்று அக்கா அதட்டினார். கூடவே கொண்டுவந்திருந்த கனமான புத்தகம் ஒன்றைப் பிரித்தார். சாக்கடைக் குழாய்கள் மண்ணிலிருந்து இரும்புக்கு மாறிய வரலாறு. இடப்பக்கத்தில், யாரும் தொடாத மேல்தட்டில் இருப்பது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பீரோவின் இடுக்கில் வாயை வைத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். முதல் பத்தியில் குழாயின் விட்டம் வந்தது. இரண்டாம் பத்தியில் விட்டத்துக்கு ஒரு அட்டவணை வந்தது. தச்சருக்கு அதுவரைதான் தெரியும்.

மீதி பால்காரர் சொல்லிப் பிற்பாடு தெரிந்தது. பீரோவைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் சுவரில் ஒரு இடி. மச்சான் கால்விரலில் பீரோ உட்கார்ந்து, அவர் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் எழுந்துவிட்டன; தச்சர் எழவில்லை. நடுத்தெருவில் இறக்கிவைத்து அக்கா தகரத் தட்டை அடித்தார். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து என்னவென்று கேட்டார். “புஸ்தகம் படிக்கிறோம்” என்றார் அக்கா. பீரோவுக்குள்ளிருந்து குறட்டை மட்டும், மரம் இழைக்கிற சத்தம் மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கடைக்குள் கொண்டுபோய் இரண்டு சுவர்களுக்கும் நடுவே நிறுத்தினார்கள். சுமந்தவர்கள் மச்சானைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தச்சர் கண்ணைத் திறந்தபோது பீரோவின் கதவு திறந்திருந்தது. எதிரே அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றியில் இல்லை, மூக்கில் இருந்தது.

“நடந்ததுதான்” என்றார் அக்கா, மெதுவாக. “தம்பி, எல்லாம் நடந்ததுதான். மன்னிச்சுக்க.”

எழுந்து போய் வலப்பக்கச் சுவரிலிருந்து அந்த மரக்கட்டையை எடுத்தார். முந்தானையால் தூசியைத் துடைத்தார். இடப்பக்கத்தில், கண்ணுக்கு நேரான தட்டில், மாமியார் மருமகள் நாவலுக்குப் பக்கத்தில் வைத்தார். தச்சர் பீரோவுக்குள் உட்கார்ந்தபடியே கையைக் கூப்பிவிட்டார்.

“அக்கா, இதை முதல்ல என் பெண்டாட்டிகிட்டச் சொல்லணும். நான் தூங்கினது சத்தியம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா அவ கேட்பா.”

அக்கா கட்டையைச் சரியாக நகர்த்தி வைக்கும்போது கை நின்றது. கட்டைக்குப் பக்கத்தில் அந்த உப்பு வியாபாரியின் புத்தகம் இருந்தது. போன வாரம் தச்சரின் மனைவி கை தவறி வைத்துவிட்டுப் போனது. அக்கா அதைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“தம்பி, அந்தச் சாட்சி யாருன்னு இப்ப சொல்றேன். உன் பெண்டாட்டிதான்.”

“அவளா?”

“ஆமா. நீ சொன்ன மறுநாளே அவகிட்டக் கேட்டேன். ‘அவரு வெட்கப்பட்டுக்கிட்டுத் தூங்கினேன்னு சொல்றாருக்கா. குடை பிடிச்சுக்கிட்டு நின்னப்பவே என்னைப் பார்த்துட்டாரு. எனக்காகத்தான் உள்ள ஒளிஞ்சாரு’ன்னு சொன்னா. முகத்தைப் பார்க்கணுமே அப்ப. கதவைத் திறந்த ஆளே சொல்றாளேன்னு நானும் நம்பிட்டேன்.”

“பொய்யைச் சொல்லியிருக்காளே!”

“பொய் இல்ல. நம்பினதைச் சொல்லியிருக்கா. அவகிட்ட நீ தூங்கினேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே?”

“கேட்டப்பெல்லாம்.”

“நாற்காலிக் கால்?”

“அதுவும்தான். ஆடினது ஆடினதுதானேக்கா.”

“மரமண்டை” என்றார் அக்கா. அன்பாகத்தான் சொன்னார், ஆனால் பலமாகச் சொன்னார். “ஒருத்தி இவ்வளவு காலமா ஒரு புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்து தூக்கிட்டு வந்து இந்தப் பக்கம் வைக்கிறா. நானும் எடுத்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறேன். நீ என்னடான்னா வீட்டுல உக்காந்துக்கிட்டு அதையே செய்யறே. அந்தக் கதையைத் தூக்கிக்கிட்டு அவ போறதுக்கு எத்தனை வீடுடா இருக்கு?”

தச்சருக்குப் பாத்திரங்களின் சத்தமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இப்போதுதான் காதில் விழுந்தது. காலையில் அவள் கேட்டதும், குடையை எடுத்ததும் கண்முன் வந்தது. வந்தாலும் வருவேன், வராட்டாலும் வரமாட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அதுவரை அவர் யோசிக்கவே இல்லை.

“ஆனா தூங்கினேனேக்கா. நீங்களே சோதிச்சுப் பார்த்தீங்களே. இனிமே எப்படி இல்லேன்னு சொல்றது?”

அக்கா வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தார்.

“பச்சைக் குடை வருது. வீட்டுல பீரோவைக் காணோம்னு யாரோ சொல்லியிருக்காங்க போல. ஓட்டமும் நடையுமா வர்றா.”

தச்சர் பீரோவிலிருந்து இறங்கினார். தலைமுடியைக் கோதிக்கொண்டார். இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். கண்ணுக்கு நேரான தட்டில், அத்தனை உண்மைகளுக்கும் நடுவே, அவருடைய மரக்கட்டை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எத்தனை வருஷத்துக் கனவு. ஒரு சாயங்காலம்கூட அங்கே முழுசாக இருக்கவில்லை.

எட்டி அதை எடுத்தார். அறையைக் கடந்து போய் வலப்பக்கச் சுவரில், அக்கா வீட்டுக்காரரின் படத்துக்குக் கீழே, உடம்பு மெலியும் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, நேராக நிறுத்தி வைத்தார். உப்பு வியாபாரியை மட்டும் அவள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூட “நெஜமா?” என்று கேட்கவில்லை.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா தச்சரின் தோளைப் பிடித்து பீரோவுக்குள் தள்ளினார்.

“உள்ள போ, உள்ள போ. கதவை அவ திறக்கட்டும்.”

“என்னக்கா சொல்லணும் நான்?”

“ஒண்ணும் சொல்லவேண்டாம். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு அவளையே பாரு. அவளுக்குப் பின்னாடி எந்த நாற்காலி ஆடினாலும் சரி, அந்தப் பக்கம் பார்க்காதே.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, பழகின மரத்து வாசனை. தச்சர் காலை மடக்கி வாகாக உட்கார்ந்தார். வயிற்றில் இன்னும் மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. மெல்ல ஒரு கொட்டாவி வந்தது.

பீரோவின் இடுக்கில் அக்காவின் வாய் வந்து ஒட்டிக்கொண்டது.

“தம்பி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்தத் தடவையாவது தூங்கித் தொலைச்சிடாதே.”